தீஸ்தா கோப்பில் இல்லாத ஒரு பாதை

பெறுநர்: ஆற்றுப் பள்ளத்தாக்கு மற்றும் நீர்மின் திட்டங்களுக்கான நிபுணர் மதிப்பீட்டுக் குழு, சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிக்கிமில் தீஸ்தா மீதும் அதன் துணையாறுகள் மீதும் அணை கட்ட அனுமதி கேட்டு வரும் கோப்புகள் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. எத்தனை ஹெக்டேர் காடு போகும், எத்தனை குடும்பம் இடம்பெயரும், எந்த மீன் எப்போது முட்டையிட மேலேறும் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கும். அந்த மலைகளின் பழங்குடியான லெப்சா மக்களில் ஒருவர் இறந்தால் அவருடைய உயிர் எந்த ஆற்றோரமாக எந்த மலைக்குப் போகிறது என்று கேட்க உங்கள் படிவத்தில் இடமில்லை. அந்த இடத்தை உண்டாக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் நாடு முழுமைக்குமான குழு. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்குக் காங்டாக், லாச்சுங், குருடோங்மார் என்று போய்வரும் குடும்பங்கள் ஏராளம். சிலிகுரியிலிருந்து மேலே ஏறும் சாலை தீஸ்தாவை ஒட்டியே போகிறது. அந்த ஆற்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் உங்களோடு சேர்ந்து இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

லெப்சாக்கள் தங்களை ரோங் என்று சொல்லிக்கொள்கிறார்கள். சிக்கிம், டார்ஜிலிங், கலிம்போங் மலைகள், பூடானின் மேற்கு ஓரம், நேபாளத்தின் இலாம் பகுதி இவையெல்லாம் அவர்கள் வாழும் நிலம். வேறெங்கிருந்தோ வந்து குடியேறிய கதை அவர்களிடம் இல்லை. முதல் ஆணையும் முதல் பெண்ணையும், ஃபோதோங்திங்கையும் நாஸோங்ன்யூவையும், இத்புமு என்னும் தாய் கஞ்சன்ஜங்காவின் தூய பனியை எடுத்துப் படைத்தாள் என்பதுதான் அவர்கள் சொல்லும் தொடக்கம். அந்த மலைக்கு அப்பால் மாயேல் என்றொரு மறைந்த ஊர் இருக்கிறது. அங்கே மூப்படைந்தும் சாகாத தம்பதிகள் இருக்கிறார்கள். அவர்கள் காலையில் குழந்தை, நண்பகலில் இளைஞர், மாலையில் கிழவர், மறுநாள் காலையில் மீண்டும் குழந்தை. விதை தானியம் அங்கிருந்துதான் வந்தது. விதைக்கும் பருவத்தை அறிவிக்கும் பறவைகளும் அங்கிருந்தே ஆண்டுதோறும் வருகின்றன.

இதைப் புராணம் என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். லெப்சா குலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிகரம் உண்டு, ஓர் ஏரி உண்டு, அந்த மலைக்குள் நுழையும் ஒரு வாசலும் உண்டு. மூன்றுக்கும் பெயர் உண்டு. ஒருவர் இறந்ததும் மூன் என்னும் பூசாரி வந்து உட்கார்ந்து, பிரிந்த உயிரோடு பேசிக்கொண்டே அதை வழிநடத்துகிறார். மூன் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். வீட்டிலிருந்து கிளம்பி, வழியிலுள்ள இடங்களைத் தாண்டி, ஆற்றைப் பிடித்து மேலேறி, குலத்துக்குரிய வாசல் வழியாகக் கஞ்சன்ஜங்காவின் அடியில் முன்னோர் இருக்கும் பூம்ஜுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. உயிர் வழிதவறிவிடக் கூடாது. தவறினால் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை. வடக்கு சிக்கிமில் ஜோங்கு என்னும் பகுதி முழுவதும் இந்தப் பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. எங்கோ கலிம்போங்கில் பிறந்து, ஜோங்குவை ஒருமுறைகூடப் பார்க்காமல் இறந்த லெப்சாவும் கடைசியில் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதையில் முக்கியமானது ரோங்யோங் ஆறு.

ஆக, கேட்பவருக்குக் கதையாகத் தோன்றுவது அவர்களிடம் நிலப்படமாக இருக்கிறது. அதை வைத்திருப்பவர் வாயில் வைத்திருக்கிறார். ரோங் மொழிக்குத் தனி எழுத்து உண்டு, ஏடுகளும் உண்டு. ஆனால் மூன் சொல்லும் வழி ஏட்டில் இருப்பதில்லை. அது ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது.

இப்போது உங்கள் படிவத்துக்கு வருகிறேன். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு வந்த முதல் படிவத்தில், திட்ட இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று கேட்கும் ஒரு பட்டியல் உண்டு. அதில் வழிபாட்டிடங்கள் வருகின்றன. மருத்துவமனை, பள்ளி இவற்றோடு சேர்ந்து, மனிதர் உருவாக்கிய நிலப்பயன்பாடு என்ற தலைப்பின் கீழ். பண்பாட்டு மதிப்பு என்ற சொல்லும் இன்னோர் இடத்தில் வருகிறது. ஏற்கெனவே ஏதோ ஒரு சட்டமோ உடன்படிக்கையோ பாதுகாக்கும் பகுதியாக இருந்தால் மட்டும். கட்டடமாக நிற்கும் கோயிலைப் படிவம் பார்க்கிறது. யாரும் கட்டாத சிகரத்தையும், ஓடிக்கொண்டே இருக்கும் ஆற்றையும் வழிபடுகிறவர் அதில் எதை எழுதுவார்? படிவத்தை நிரப்பிய ஆலோசனை நிறுவனம் பொய் சொல்லவில்லை. கேள்வி இல்லாத இடத்தில் பதிலும் இல்லை. ஜோங்குவின் வாய்மொழி வரலாறு முழுவதும் இந்த இடைவெளியில் விழுந்துவிட்டது.

ஒரு கதையை மட்டும் முழுதாகச் சொல்ல அனுமதியுங்கள். டார்ஜிலிங்கிலிருந்து கலிம்போங் போகும் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்துவார்கள். கீழே இரண்டு ஆறுகள் சேர்வது தெரியும். ஒன்று சாம்பல் கலங்கல், இன்னொன்று கரும்பச்சை. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரத்துக்கு இரு நிறமும் தனித்தனியாகவே ஓடும். நான் அங்கே நின்றபோது, ஓட்டிவந்த லெப்சா இளைஞர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, விரலால் காற்றில் கோடு இழுத்தபடி சொன்னார்.

தீஸ்தா பெண், ரோங் மொழியில் ரோங்ன்யூ. ரங்கீத் ஆண். இருவரும் காதலர். மலையிலிருந்து யாருக்கும் தெரியாமல் கிளம்பிச் சமவெளியில் சந்திப்பது என்று பேசிக்கொண்டார்கள். வழி தெரியாதே! ரோங்ன்யூ ஒரு பாம்பைத் துணைக்கு அழைத்தாள். பாம்பு அக்கம்பக்கம் பார்க்காமல் கீழே இறங்கியது. ரங்கீத் ஒரு பறவையை நம்பினான். பறவைக்குப் பசி. இந்த மரத்தில் பழம், அந்தச் சரிவில் புழு என்று அது போன இடமெல்லாம் இவனும் போனான். வந்து சேர்ந்தபோது ரோங்ன்யூ எப்போதோ வந்து காத்திருந்தாள். பெண் முந்திவிட்டாளே என்று அவனுக்கு வெட்கம். வெட்கம் கோபமாகி, வந்த வழியே திரும்பி மேலே பாய ஆரம்பித்தான். பள்ளத்தாக்கெல்லாம் வெள்ளம். மக்கள் ஓடித் தெண்டோங் மலையில் ஏறினார்கள். வெள்ளம் ஏற ஏற மலையும் உயர்ந்தது. கடைசியில் ஒரு கவுதாரி, கேழ்வரகு மதுவான சீயைக் கடவுளுக்குத் தெளித்து வேண்டிக்கொள்ள, தண்ணீர் வடிந்தது. ரோங்ன்யூவும் அவனைத் தேற்றி அழைத்துப் போனாள். இன்றும் லெப்சா திருமணங்களில் இந்த இருவரையும் பாடுகிறார்கள். தெண்டோங்கை நினைத்து ஆண்டுதோறும் ஆகஸ்ட் 8ஆம் தேதி வழிபடுகிறார்கள். சிக்கிமில் அன்று அரசு விடுமுறை.

சிக்கிமின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். தீஸ்தா ஏறக்குறைய நேராக இறங்குகிறது, ரங்கீத் வளைந்து வளைந்து வருகிறது. கதை சொன்னவர்கள் ஆற்றைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கதை ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வெள்ளத்துக்குச் சாட்சி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் எதிர்பாராமல் எழும், எழுந்தால் ஓடி ஏற வேண்டியது உயரத்துக்கு என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த மக்கள் இவர்கள் என்பது உறுதி.

2023 அக்டோபர் 4ஆம் தேதி அதிகாலையில் தண்ணீர் எழுந்தது. மேலே தெற்கு லோனாக் பனியேரி உடைந்து வந்த வெள்ளத்தில் சுங்தாங்கில் இருந்த தீஸ்தா மூன்றாம் கட்ட அணை, 1,200 மெகாவாட் திட்டத்தின் அணை, அடித்துக்கொண்டு போனது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காணாமல் போனவர்கள் இன்னும் அதிகம். ஜோங்குவுக்குப் போகும் சங்கலாங் பாலமும் போயிற்று. தீஸ்தா படுகையின் தாங்குதிறன் குறித்து உங்கள் அமைச்சகத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, சுங்தாங்குக்கு மேலே திட்டங்கள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு 2025 ஜனவரியில், 60 மீட்டர் உயர அணை இருந்த அதே சுங்தாங்கில் 118.64 மீட்டர் உயரக் கான்கிரீட் அணையை உங்கள் குழு பரிந்துரைத்தது. அந்த முடிவின் பொறியியலைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. அந்தப் பரிந்துரையை எழுதும்போது, ஆற்றைப் பற்றி மிக நீண்டகாலமாகப் பேசிவரும் மக்களிடம் எதைக் கேட்டீர்கள்?

மின்திட்டக்காரர்கள் சொல்வது, இவை ஓடும் ஆற்றில் அமையும் திட்டங்கள், பெரிய நீர்த்தேக்கம் இல்லை, ஊர்கள் மூழ்காது என்பது. ஊர்கள் மூழ்காமல் இருக்கலாம். ஆனால் ஆறு மலைக்குள் போய்விடுகிறது. 510 மெகாவாட் தீஸ்தா ஐந்தாம் கட்டம், தண்ணீர் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கத்தில் ஓடி மறுபடி வெளியே வரும்படி கட்டப்பட்டது. ரங்கீத்திலும் 60 மெகாவாட் மூன்றாம் கட்டம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த இடத்துக்குக் கீழே, மேற்கு வங்கத்தில், 132 மெகாவாட்டும் 160 மெகாவாட்டுமாக இன்னும் இரண்டு அணைகள். திருமணப் பாட்டில் வரும் இருவரில் எவரும் தன் வழியில் முழுதாக ஓடவில்லை. மிச்சமிருப்பது ஜோங்கு. அங்கே 520 மெகாவாட் தீஸ்தா நான்காம் கட்டமும் 300 மெகாவாட் பனான் திட்டமும் வேண்டாம் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருகிறார்கள். உயிர்கள் ஏறிப்போகும் ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டால் மூன் எந்தக் கரையைச் சொல்லி வழிநடத்துவார் என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி.

"மரபு எப்படியும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது, அணை இல்லாவிட்டாலும் இது அழியத்தான் போகிறது" என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு நேராகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பௌத்த அரசு வந்தது. லெப்சாக்கள் லாமாவையும் அழைத்தார்கள், போங்திங் என்னும் தங்கள் ஆண் பூசாரியையும் விடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கலிம்போங் பக்கம் கிறித்துவம் வந்தது. மலைச்சரிவில் கேழ்வரகும் காட்டு வேளாண்மையுமாக இருந்த இடத்தைப் பெரிய ஏலக்காய் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவின் மொழி நேபாளி ஆனது, பள்ளியின் மொழி ஆங்கிலம் ஆனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லெப்சாவைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2001இல் 50,629 பேர், 2011இல் 47,331 பேர். அதே 2011இல், ஜோங்குவில் கஞ்சன்ஜங்காவுக்கான வழிபாட்டைப் பரம்பரையாக நடத்திவந்த போங்திங் இறந்தார். அவர் இடத்துக்கு வர ஆள் இல்லை. இவை எல்லாம் அணை செய்த வேலை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் இந்த மாற்றங்களுக்குள்ளே மக்களின் கை இருந்தது. வீட்டிலும் மலையிலும் நடந்த தெண்டோங் வழிபாட்டை ஊர்கூடும் விழாவாக்கியது அவர்கள். கலிம்போங்கில் மாலைப் பள்ளிகள் நடத்திப் பிள்ளைகளுக்கு ரோங் எழுத்தைச் சொல்லித்தருவது அவர்களுடைய சங்கம். ஊர் ஊராக நடந்து பாட்டுகளையும் இசைக்கருவிகளையும் சேகரித்த சோனம் ட்ஷெரிங் லெப்சா தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கினார். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார், 2020இல் மறைந்தார். மூன் குறைந்துபோன ஊரிலும் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் பேத்தி இருக்கிறாள். குலத்தின் சிகரம் கண்ணெதிரே நிற்பதாலும், ஆறு பாட்டில் சொன்னபடியே ஓடுவதாலும்தான் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க முடிகிறது. சொல்பவர் போனாலும் இடம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இடமே போனால் ஒலிப்பதிவில் இருக்கும் பெயர்கள் எதைக் காட்டும்? எனவே ஒரு நிறுவனம் உங்களிடம் வந்து, ஆற்றை எடுத்துக்கொள்கிறோம், பதிலுக்கு வாய்மொழி வரலாற்றை ஆவணப்படுத்திப் பண்பாட்டு மையம் கட்டித் தருகிறோம் என்றால், அதை ஈடாக ஏற்காதீர்கள்.

மரபு மாறும் விதத்துக்கு ஒரு சான்று 2007இல் கிடைத்தது. ஜூன் 20ஆம் தேதி காங்டாக்கில் லெப்சா இளைஞர்கள் காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார்கள். முதல் உண்ணாவிரதம் 63 நாட்கள் நீடித்தது. பிறகு தொடர் உண்ணாவிரதமாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. தீஸ்தாவால் பாதிக்கப்பட்ட குடிமக்கள் என்ற அமைப்பின் பெயரில் படித்த பிள்ளைகள் உட்கார்ந்து, அதுவரை மூன் மட்டும் சொல்லிவந்ததைப் பத்திரிகையாளர்களிடமும் அமைச்சர்களிடமும் சொன்னார்கள். இறுதிச் சடங்கில் இருந்த பாதை அரசியல் பேச்சுக்குள் வந்தது. ஜோங்குவில் நான்கு திட்டங்கள் கைவிடப்பட்டன. எல்லா லெப்சாக்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலத்துக்குப் பணமும் பிள்ளைக்கு வேலையும் கிடைக்கும் என்று நம்பிச் சம்மதித்தவர்கள் உண்டு. அவர்களுடைய தேவையும் உண்மையானது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இப்படிப் பிளவுபட்ட ஊரில் கையெழுத்து எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்புதல் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

முன்னுதாரணம் இல்லாத ஒன்றை நான் கேட்கவில்லை. மேற்கு சிக்கிமில் யுக்சோம் அருகே ராதோங் சூ ஆற்றில் பாதி வேலை நடந்துகொண்டிருந்த நீர்மின் திட்டத்தை, அது புனித ஆறு என்பதற்காக, மாநில அரசு 1997இல் நிறுத்தியது. தாஷிடிங் மடத்தின் பும்சூ விழாவுக்குத் தீர்த்தம் அந்த ஆற்றிலிருந்து போகிறது. நல்ல முடிவு. அங்கே துறவிகளால் பழைய ஏடுகளைக் காட்ட முடிந்தது. ஜோங்குவில் காட்டுவதற்கு மூன் வாயிலிருக்கும் வழி மட்டுமே இருந்தது. எழுதி வைத்த நம்பிக்கைக்கு ஒரு நீதியும் சொல்லிவந்த நம்பிக்கைக்கு இன்னொரு நீதியும் இருக்கக் கூடாது. 1998லும் 2001லும் சிக்கிம் அரசு சிகரங்கள், ஏரிகள், குகைகள், வெந்நீர் ஊற்றுகள் ஆகியவற்றையே வழிபாட்டிடங்களாக அறிவிக்கை செய்தது. 2016இல் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்க்கப்பட்ட முதல் இந்திய இடம் அதுதான். இந்தியா அந்தப் பெருமையைப் பெற்றதில் அந்த மலையைச் சுற்றி லெப்சாக்களும் பூட்டியாக்களும் சொல்லிவரும் கதைகளுக்குப் பங்கு உண்டு. பாரிஸுக்கு அனுப்பிய கோப்பில் ஏறிய கதை தில்லிக்கு வரும் கோப்பிலும் ஏற வேண்டும்.

ஒடிசாவின் நியாம்கிரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், டோங்கிரியா கோந்த் மக்களின் மலைத் தெய்வத்தைப் பற்றிய கேள்வியைக் கிராம சபைகளுக்கே அனுப்பியது. 12 கிராம சபைகளும் கனிமச் சுரங்கம் வேண்டாம் என்றன. உங்கள் அமைச்சகமும் 2014 ஜனவரியில் அனுமதி மறுத்தது. எழுத்தில் இல்லாத வழக்கத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள இந்த நாட்டின் சட்டத்துக்குத் தெரியும்.

தீஸ்தா படுகையில் எந்தத் திட்டத்துக்கும் ஆய்வு வரம்பு வகுக்கும்போது, லெப்சா கிராம சபைகள் தாங்களே தயாரிக்கும் ஒரு வரைபடத்தைக் கட்டாயமாக்குங்கள். குலங்களின் சிகரம், ஏரி, வாசல், உயிர்கள் போகும் கரை, சடங்குக்குத் தண்ணீர் எடுக்கும் துறை எல்லாம் அதில் வரட்டும். மூன்களும் போங்திங்குகளும் அதைச் சரிபார்க்கட்டும்; வெளியே சொல்லக் கூடாதது என்று அவர்கள் கருதுவதை மறைத்து வைக்கும் உரிமையும் அவர்களுக்கே இருக்கட்டும். பொது விசாரணை ரோங் மொழியில் நடக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது. இறந்தவரின் வழியை முதியவர் ஒருவர் பாடிக்காட்டினால், அதை "உணர்வு சார்ந்த ஆட்சேபம்" என்று ஒரு வரியில் சுருக்காமல் முழுதாகப் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு அணையையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆற்றில் சிறு துண்டாகத்தான் தெரியும். பாதையைத் துண்டு துண்டாகக் கடக்க முடியாது; ஆகவே பனியேரியிலிருந்து சங்கமம் வரை முழு ஆற்றுக்கும் ஒரே கணக்காகப் பாருங்கள். இந்த வேலை முடியும்வரை தீஸ்தா நான்காம் கட்டத்தையும் பனானையும் முன்னெடுக்காதீர்கள். சுங்தாங்கில் கட்டவிருக்கும் அணைக்கான பரிந்துரையையும் மறுபடி கையில் எடுங்கள்.

உங்கள் கூட்டக் குறிப்புகள் பொதுவெளியில் வருகின்றன. சிக்கிம் கோப்பு அடுத்து வரும்போது, இந்த ஆற்றைப் பற்றி லெப்சாக்கள் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி எந்த உறுப்பினர் வாயிலாவது வந்ததா என்று அந்தக் குறிப்பில் தேடிப் படிப்பேன். இந்த மடலைப் படிக்கும் தமிழர்களையும் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தீஸ்தா கரையில் நின்று கதை கேட்ட ஒரு தமிழ் வாசகர்